முத்திரை மரக்கால்

கீழத்தஞ்சையின் களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை. ‘லாபம்’ என்று சொல்லித்தான் கொட்டுவார். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். மிராசுதாரரின் பத்தாயத்துக்குப் போகும் நெல், கோயிலுக்குப் போகும் நெல், அறுத்தவர்களுக்கான களவடிக் கூலி, எல்லாமே அந்தக் களத்தில்தான் அளக்கப்பட்டன. எல்லாவற்றையும் ஒரே மரக்காலில் அளக்கவில்லை என்பது பண்ணையாட்களின் நெடுநாள் குறை. கூலி கொடுக்கும்போது சின்ன மரக்கால் வெளியே வரும். கடனைத் திருப்பி வாங்கும்போது பெரிய மரக்கால் வரும். 1940-களில் காவிரிப் படுகையில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டியபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, அரசு முத்திரை குத்திய மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது.

இதைக் கேட்பதற்கு ஒரு சங்கம் வேண்டியிருந்தது என்பதிலேயே அந்த ஜில்லாவின் கதை பாதி அடங்கிவிடுகிறது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கீழத்தஞ்சைத் தொழிலாளர்கள் கேட்டவற்றைப் பட்டியல் போட்டால், எதுவுமே பெரிய கேள்வியாக இருக்காது. அளவில் நேர்மை, அடி உதையில்லாத வேலை, களவடியில் கொஞ்சம் கூடுதல், குடிசை நிற்கும் மண். இவற்றைக் கொடுத்திருந்தால் எந்தப் பண்ணையும் நொடித்துப் போயிருக்காது. கேட்பவர்கள் கூட்டமாக வந்து கேட்கிறார்கள், கொடியோடு வந்து கேட்கிறார்கள் என்பதைத்தான் நிலவுடைமையாளர்களால் தாங்க முடியவில்லை.

பண்ணையாள் முறை என்பது பரம்பரைக் கட்டு. சேரியில் பிறந்த பள்ளரும் பறையரும் ஒரு பண்ணையோடு குடும்பமாகப் பிணைக்கப்பட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு 1843-லேயே அடிமை முறைக்குச் சட்டப்படி இருந்த ஆதரவை நீக்கிவிட்டது. 1862-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. தஞ்சையில் பேர் மாறியது, கட்டு அவிழவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பண்ணையில் வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. ஆண் ஏர் ஓட்டினால், பெண் நாற்றுப் பறித்து நட்டு, களை எடுத்து, மாட்டுக்கொட்டிலும் பெருக்க வேண்டும். பையன் மாடு மேய்க்க வேண்டும். மிராசுதாரரை ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, தோளில் துண்டு இருக்கக்கூடாது.

தப்புக்குத் தண்டனை இரண்டு: சவுக்கடியும் சாணிப்பாலும். வேலைக்குத் தாமதமாக வந்தாலோ, பண்ணை ஏஜெண்டிடம் எதிர்த்துப் பேசினாலோ அது தப்புத்தான். சாணியைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கட்டி வைத்த ஆளின் வாயில் ஊற்றுவார்கள். அடித்த அடியின் காயம் ஆறிவிடும். இது ஆறாது என்று தெரிந்தேதான் செய்தார்கள். சங்கத்தில் சேர்ந்த அந்தத் தலைமுறையின் நினைவில் கூலிக் கணக்கைவிட முன்னால் நின்றது இந்தச் சாணிப்பால்தான். சங்கம் எதை முதலில் கையில் எடுத்தது என்பதற்கும் அதுவே விடை.

கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடை 1942-ல் விலகியது. அடுத்த ஆண்டு கட்சியின் அமைப்பாளராக பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். கர்நாடகத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், தாய்மொழி கன்னடம். தேசிய இயக்கத்தில் சிறை கண்டவர். அவர் மேடைத் தமிழ் கற்றுக்கொண்டு சேரிக்குப் போகவில்லை. சேரியில் தங்கி, அங்கே கிடைத்த கஞ்சியைக் குடித்து, அந்த மக்களின் தமிழையே தன் தமிழாக்கிக்கொண்டார். மன்னார்குடி வட்டாரத்துத் தென்பரையில் 1943-ல் விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளை உருவானது. அங்கிருந்தவர்கள் மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். திருத்துறைப்பூண்டி, நன்னிலம், நாகப்பட்டினம் என்று பிறகு கொடி பரவியது.

இந்தச் சங்கம் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பண்ணையாளுக்குப் பகல் சொந்தமில்லை. அதனால் கூட்டம் இரவில்தான். ஒரு சேரியில் பேசியது மறுநாள் நடவு வயலில் பெண்கள் வழியாக அடுத்த சேரிக்குப் போய்ச் சேரும். சேரியின் நுழைவாயிலில் மூங்கில் கம்பத்தில் செங்கொடி ஏறினால், அங்கே இனி ஒரு ஆளைத் தனியே கட்டிவைத்து அடிக்க முடியாது, மொத்தச் சேரியும் வந்து நிற்கும் என்று அர்த்தம். நாற்பது குடிசைகள் ஒன்றாக நிற்பதுதான் அவர்களிடம் இருந்த ஒரே சொத்து. சீனிவாசராவ் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதன் சாரமும் இதுதான்: அடிக்கிற கையைத் தடுங்கள், ஒற்றை ஆளாக நின்று தடுக்காதீர்கள்.

இன்னொரு பலம் பயிரிலேயே இருந்தது. சம்பா முற்றிவிட்டால் காத்திராது. சில நாட்களுக்குள் அறுத்தாக வேண்டும், தவறினால் மணி உதிர்ந்து வயலிலேயே போய்விடும். நாற்றும் அப்படியே, வயது தாண்டினால் நட்டுப் பயனில்லை. ஆண்டு முழுக்கக் குனிந்தே இருக்கும் ஆள், நடவிலும் அறுவடையிலும் மட்டும் பேரம் பேச முடியும். சங்கத்தின் போராட்டங்களெல்லாம் அந்த நாட்களைச் சுற்றியே நடந்தன. மிராசுதாரர்களின் எதிர் ஆயுதமும் அதிலிருந்தே பிறந்தது: வெளியூரிலிருந்து ஆள் இறக்குவது. கீழத்தஞ்சையில் பிறகு நடந்த பெரும்பாலான மோதல்களின் வேர் இந்த வெளியாள் பிரச்சினைதான்.

சங்கத்தைக் கட்டியவர்களில் பலர் அந்த மண்ணின் ஆட்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மணலி கந்தசாமி. தலித் சமூகத்திலிருந்து தலைவராக எழுந்த களப்பால் குப்பு. இவர்களோடு ஒரு பெண்ணும் உண்டு, மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் இளம் வயதிலேயே விதவையானவர். விதவைக் கோலத்தை உதறித் தலைமுடியை ஆண்களைப் போல் வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து சேரி சேரியாக நடந்தார். அக்கிரகாரத்துப் பெண் பறச்சேரித் திண்ணையில் உட்கார்ந்து நியாயம் பேசியதை இன்று வாசிக்கும்போது அதன் அதிர்ச்சியை முழுதாக உணர்வது கடினம். 1953-ல் ஒரு மானின் கொம்பு குத்தி இறந்தார். அவர் வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலாக்கினார். தமிழ்நாட்டின் பெண் தலைவர்கள் வரிசையில் அவர் பெயர் இன்னும் உரிய இடத்தில் வைக்கப்படவில்லை என்பது வருத்தமான உண்மை.

முதல் பெரிய வெற்றி 1944-ல் மன்னார்குடியில் கிடைத்தது. அரசு அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதாரர்களும் சங்கத்தினரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் அது. சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்று முடிவானது. ‘ஆண்டே’ என்று கூப்பிட வேண்டியவர்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள் என்பது ஒப்பந்தத்தின் ஷரத்துகளுக்கு நிகரான வெற்றி. 1948-ல் மாயவரத்தில் இன்னொரு ஒப்பந்தம், பண்ணையாளின் பங்கைப் பற்றியது. மொத்த விளைச்சலில் ஏழில் ஒரு பங்கு பண்ணையாட்களுக்கு என்று அது சொன்னது. பேச்சு களவடிக் கணக்குக்கு வந்துவிட்டது.

அதே 1948-ல் காற்று திசை மாறியது. கம்யூனிஸ்டுகள் மீது சென்னை மாகாண அரசின் அடக்குமுறை தொடங்கியது. ஊர்களில் போலீஸ் முகாம்கள் வந்தன, தலைவர்கள் தலைமறைவானார்கள். களப்பால் குப்பு திருச்சிச் சிறையிலேயே இறந்தார். 1950 மே மாதத்தில் சாம்பவான் ஓடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரணியன் மலாயாவில் இருந்து திரும்பியவர். தஞ்சையின் கதைக்கு எப்போதுமே ஒரு கடல்தாண்டிய கிளை உண்டு. பண்ணையைவிட்டு ஓடியவர்கள் நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி பினாங்குக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் போனார்கள். அங்கே தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த மலாயா கணபதி தம்பிக்கோட்டைக்காரர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவரைப் பிரிட்டிஷ் அரசு 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் தூக்கிலிட்டது.

இவ்வளவு அடிக்குப் பிறகும் சங்கம் அழியவில்லை என்பது 1952 தேர்தலில் தெரிந்தது. சென்னை சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுகள் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர் முதலமைச்சர் ராஜாஜி. ஆகஸ்ட் மாதம் தஞ்சைக்கு மட்டுமான ஓர் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952 என்று அது பிறகு நிலைபெற்றது. வாரத்துக்கு உழுபவருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு. பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக்கூடாது. தகராறுக்குச் சமரச அதிகாரி. பண்ணையாளுக்கென்று தனியாக ஒரு சட்டம் என்பதே அந்த நாளில் பெரிய விஷயம். எதிரி என்று சொன்னவரைக்கொண்டே சட்டம் போட வைத்தது சேரிகளின் ஒற்றுமை.

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது இருபது மாவுக்கு, ஏக்கர் கணக்கில் ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, அதற்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கே அது பொருந்தும். நிலத்தைக் குடும்பத்துக்குள் பிரித்து எழுதினால் தப்பிவிடலாம். அதைவிடப் பெரிய ஓட்டை சொல்லில் இருந்தது. சட்டம் காப்பாற்றியது பண்ணையாளை. பண்ணையாளே இல்லாவிட்டால் சட்டத்துக்கு வேலை ஏது? அடுத்த சில ஆண்டுகளில் மிராசுதாரர்கள் பண்ணையாட்களை ஒவ்வொருவராகக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அதே ஆள் மறுநாள் அதே வயலில் தினக்கூலியாக நின்றார். பரம்பரைக் கட்டு போயிற்று. அதோடு மழைக்காலத்தில் கேட்டு வாங்கிய நெல்லும், பண்ணையில் விட்டிருந்த துண்டு நிலமும் போயின. 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கேத்லீன் கஃப், 1976-ல் மறுபடி வந்தபோது கூலி வேலையை மட்டுமே நம்பி நின்ற குடும்பங்கள் பெருகியிருந்ததைப் பதிவு செய்தார்.

கட்டு அவிழ்ந்தபோதும் அவிழாத ஒரு முடிச்சு இருந்தது. அதுதான் மனை. சேரிக் குடிசைகள் பெரும்பாலும் பண்ணைக்கோ கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான நிலத்தில் நின்றன. வேலைநிறுத்தம் என்று சொன்னால் ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்று ஏஜெண்டு சொல்லலாம். கீற்றும் மூங்கிலும் தொழிலாளியுடையவை, கீழே உள்ள மண் முதலாளியுடையது. கூலிக்காக நின்ற ஒவ்வொரு குடும்பமும் வீட்டைப் பணயம் வைத்துத்தான் நின்றது. 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்து, அறக்கட்டளை நிலங்களுக்கும் பிறவற்றுக்கும் விலக்குகளைத் தாராளமாகக் கொடுத்தது. அந்த விலக்குகளை எதிர்த்த போராட்டத்தின் நடுவில்தான், 1961 செப்டம்பர் 30 அன்று சீனிவாசராவ் இறந்தார்.

1960-களில் படுகையின் விவசாயமே மாறியது. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் தஞ்சை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகம் வந்தது. 1934-ல் திறந்த மேட்டூர் அணையின் தண்ணீரும் இந்த ரகமும் சேர்ந்து குறுவைச் சாகுபடியைப் பெருக்கின. ஒருபோகம் இருபோகமானது. உரமும் கடனும் அரசு கொடுத்தது, நெல் கூடியது, அந்த நெல்லை அறுத்தவர்கள் தங்கள் களவடியும் கூட வேண்டும் என்றார்கள். இதற்கு எதிராக நாகை வட்டாரத்து நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற அமைப்பில் திரண்டார்கள். தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். சேரிகளில் செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்றார்கள்.

கீவளூர் பக்கத்துக் கீழவெண்மணி கொடியை இறக்கவில்லை. மக்கள் நினைவில் அந்தக் கூலிப் போராட்டம் அரைப்படி நெல் போராட்டம். 1968 டிசம்பர் 25 இரவு நிலவுடைமையாளர்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு சேரிக்குள் வந்தார்கள். அன்று மாலை நடந்த மோதலில் அவர்கள் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். சேரியின் ஆண்கள் பலர் வயல்களுக்குள் ஓடித் தப்பினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் புகுந்தார்கள். எட்டடிக்குப் பத்தடி என்று சொல்லத்தக்க ஒரு கூரைக் குடிசை. கதவைச் சாத்தித் தீ வைத்தார்கள். 44 பேர் கருகி இறந்தார்கள்.

நாகை நீதிமன்றம் 1970-ல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. நிலம் வைத்திருப்பதே குற்றமின்மைக்குச் சாட்சியாகிப்போன அந்த வரிகளை மைதிலி சிவராமன் தொடர்ந்து எழுதி வெளிச்சமிட்டார். அதிகாரிகளையும் வெண்மணி மக்களையும் நேரில் பார்த்து அவர் எழுதியவை இல்லாமல் இந்த வழக்கை இன்று புரிந்துகொள்ள முடியாது. வெண்மணித் தொழிலாளர்கள் தரப்பிலும் சிலர் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார்கள். நாயுடு 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார்.

வெண்மணிக்குப் பிறகு அரசு கணபதியா பிள்ளை கமிஷனை அமைத்தது. அதைத் தொடர்ந்து 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழத்தஞ்சைக்காக வந்தது. கூலியை அரசிதழில் அச்சிட்டு, தகராறைத் தீர்க்க அதிகாரியையும் வைத்தது. பெண்ணின் கூலியை ஆணின் கூலிக்குக் கீழே வைத்தது அந்தச் சட்டத்தின் கறை. நடவு முழுவதையும் குனிந்து முடிப்பவர்கள் பெண்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. உச்சவரம்பு 1970-ல் 15 தர ஏக்கராக இறங்கியது. 1971-ல் குடியிருப்பு மனைகளை அதில் குடியிருப்பவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது.

இவற்றில் மாவட்டத்தை ஆழமாக மாற்றியது எது என்று கேட்டால், கடைசியில் சொன்ன மனைச் சட்டம் என்றே சொல்ல வேண்டும். அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். சில சென்ட் மண்தான். அதற்குப் பட்டா கையில் வந்த பிறகு ‘குடிசையைப் பிரி’ என்ற வார்த்தை செல்லாக்காசானது. கூலி போதவில்லை என்றால் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காரலாம். அந்த வீட்டிலிருந்து யாரும் எழுப்ப முடியாது. பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்.

வெண்மணிக்குப் பிறகு இன்னொரு வழியில் வந்தவர்களும் உண்டு. சர்வோதய இயக்கத்தைச் சேர்ந்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் படுகையிலேயே தங்கிவிட்டார்கள். வலிவலத்தில் கோயில் நிலத்துக்காகச் சத்தியாகிரகம் செய்தார்கள். 1981-ல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு நிலவுடைமையாளர்களோடு பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் கொடுத்தது. பத்திரம் பெண்ணின் பெயரில். செங்கொடிக்காரர்களுக்கும் காந்தியவாதிகளுக்கும் வழி வேறு, வருத்தங்களும் உண்டு. 1990-களில் கடலோர வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கத் தொடங்கியபோது ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கரையோர இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தியது.

இன்றைய கீழத்தஞ்சை மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது: நாகப்பட்டினம் 1991-ல், திருவாரூர் 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். களத்துமேட்டு மரக்காலை அறுவடை இயந்திரம் ஓரங்கட்டிவிட்டது. களவடி என்ற சொல்லே இளையவர்களுக்குப் புதிது. முற்றிய கதிர் காத்திராது என்ற பழைய பலமும் அதோடு போயிற்று, இயந்திரத்துக்கு வாடகை பேசினால் வயல் ஒரு பொழுதில் முடிந்துவிடுகிறது. 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டம் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் வேலை நாட்களும் நிலுவைக் கூலியும் நடவுக் கூலிக்கு மேலே ஏறிவிட்டன. மனைப் பிரச்சினை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. கோயில் மனையிலும் மடத்து மனையிலும் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் உயரும் வாடகையைக் குறைக்கச் சொல்லியும், பட்டா கேட்டும் மனுவோடு வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். தனியாகப் போவதில்லை, சங்கமாகத்தான் போகிறார்கள்.